கோட்டைச் சுவரில் ஒன்பது பிள்ளைகள்

திரௌபதியைப் பற்றி நான் முதலில் எழுதியது ஒரு பக்க அறிக்கை. பெயர், வயது, படிப்பு, குழந்தைகளைக் கையாளும் விதம், பரிந்துரை என்று அதில் ஐந்து தலைப்புகள் அச்சடிக்கப்பட்டிருந்தன. வயது முப்பத்தாறு என்று எழுதினேன். படிப்பு மூன்றாம் வகுப்பு. கடைசி இரண்டு தலைப்புகளுக்குக் கீழே எழுதியதை நினைத்தால் இப்போதும் மனசு ஒப்பவில்லை. அதை இன்னொரு முறை, கட்டத்துக்குள் அடக்காமல், எழுதிப் பார்க்கிறேன்.

2006 ஜனவரியில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. சுனாமிக்குப் பிறகு எக்கியார்குப்பம் மீனவர்களுக்கு உதவ வந்த ஒரு தொண்டு நிறுவனம், உப்பளத் தொழிலாளிகளின் பிள்ளைகளுக்காக மரக்காணத்தில் ஒரு குழந்தைகள் மையம் கட்டிக்கொண்டிருந்தது. அதற்கு ஒரு டீச்சர், ஒரு ஆயா. டீச்சர் வேலை எனக்கு; ஆறு மாதம் தற்காலிகம், பிறகு நிரந்தரம். என் ஊர் பிரம்மதேசம். அப்பா அர்ச்சுனன் நெல்லும் மணிலாக்கொட்டையும் போடுகிறவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். திண்டிவனத்தில் வரலாறு படித்தேன். உப்பளத்தை அதுவரை பஸ் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தேன்.

கட்டடம் முடிய மே மாதம் ஆகும் என்றார்கள். அதுவரை, உப்பளத்திலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்த திரௌபதியோடு இருந்து பழகச் சொன்னார் எங்கள் ஒருங்கிணைப்பாளர் அந்தோணிசாமி சார்.

"பழகுறதோட கவனமா பாருங்க செந்தமிழ். ஆயா வேலைக்கு அந்தம்மாவையே போடலாமான்னு மார்ச் கடைசியில ஒரு ரிப்போர்ட் குடுங்க. ஆபீஸ்ல பத்தாவது பாஸ் கேக்குறாங்க. இவங்க மூணாவது. நீங்க அழுத்தமா எழுதுனா நான் பேசிப் பாக்குறேன்."

இந்த விஷயம் என்னைவிட முன்னால் உப்பளத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. முதல் நாள் காலையிலேயே திரௌபதி கேட்டுவிட்டார்.

"எம்மேல ரிப்போர்ட் எழுதப் போறியாமே?"

"ஆமாங்க்கா."

"என்னா எழுதுவ?"

"பாத்துட்டுத்தான் எழுதணும்."

"பாரு, பாரு. பொண்ணு பாக்க வந்தவங்க முன்னாடி காப்பி தூக்கினு நிக்கிற மாதிரி எல்லாம் நான் நிக்க மாட்டேன். கண்ணுக்கு என்னா தெரியுதோ அத எழுது. ஆனா இந்த வேலை எனக்கு வோணும், சொல்லிட்டேன்."

ஏன் வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. போகப் போக நானே தெரிந்துகொண்டேன். பதினெட்டு வயதில் கன்னியப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு மரக்காணத்துக்கு வந்தவர், பன்னிரண்டு வருடம் தலையில் உப்பு சுமந்திருக்கிறார். ஒரு நாள் வரப்பு வழுக்கிக் கூடையோடு விழுந்ததில் கழுத்து எலும்பு பிசகிவிட்டது. பிறகு ஒரு குடம் தண்ணீரைக்கூடத் தலையில் வைக்க முடியவில்லை. இடுப்பில்தான் தூக்குவார், திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் உடம்பு மொத்தமும் திரும்பும். வீட்டில் இரண்டு பையன்கள் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

அவர் பிள்ளை பார்க்க ஆரம்பித்தது அதற்கு அடுத்த வருடம்தான். உப்பளத்தில் வேலை விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கும். வெயில் ஏறுவதற்குள் முடித்தாக வேண்டும். கைக்குழந்தைக்காரிகள் பிள்ளையைக் கூடவே தூக்கி வந்து வரப்பில் உட்கார வைப்பார்கள். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளை அம்மாவைப் பார்த்ததும் எழுந்து பாத்திக்குள் ஓடிவிட்டது. பாத்தி என்பது உப்பு விளையும் கட்டம். சுற்றிலும் முழ அகலத்தில் மண் வரப்பு. அதன் தரையை மாதக்கணக்கில் சிமெண்டு மாதிரி இறுக்கி வைத்திருப்பார்கள். ஒரு சின்ன கால் அழுந்தினாலும் அடிமண் கலங்கி, அந்த முறை உப்பு கறுத்துவிடும். மேஸ்திரி கத்திவிட்டு, இனி பிள்ளையோடு எவளும் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார். பதினாலு பெண்களுக்கு மறுநாள் வேலை இல்லை என்ற நிலையில் திரௌபதி போய் மேஸ்திரி முன்னால் நின்றிருக்கிறார். "ஒரு கால் பாத்தியில பட்டாலும் என்ன கேளு." அப்படி வந்ததுதான் அந்தக் கொட்டகை. நாலு கம்பு, மேலே உப்பு அம்பாரத்தை மூடுகிற கீற்று. பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் அரிசியும் கைச்செலவுக்குக் காசும் தருவார்கள்.

மையம் திறந்ததும் கொட்டகையைப் பிரித்துவிடுவதாக உப்பள முதலாளி அளக்காரர் சொல்லியிருந்தார். ஆயா வேலை கிடைக்காவிட்டால் திரௌபதிக்கு இரண்டும் போய்விடும். என் ஒரு பக்க அறிக்கையை நம்பி இருந்தது அவ்வளவும்தான்.

நான் போன சமயத்தில் பாத்தி மிதித்துக்கொண்டிருந்தார்கள். மழைக்காலம் முடிந்து முதல் தண்ணீர் விடுவதற்கு முன், ஆணும் பெண்ணும் வரிசையாக நின்று, ஒரு கால் பக்கத்தில் ஒரு கால் வைத்து, தரையைக் காலாலேயே இறுக்குவார்கள். வருடத்தில் அந்த ஒரு வாரம் மட்டும் பிள்ளைகளும் உள்ளே இறங்கலாம். அதற்குப் பிறகு எட்டு மாதத்துக்கு வரப்புதான்.

வரப்பில் நடப்பதற்குத் திரௌபதி இரண்டு சட்டம் வைத்திருந்தார். பாத்திக்குள் இறங்கக் கூடாது; பெற்ற அம்மாவே கூப்பிட்டாலும் இறங்கக் கூடாது. பின்னால் யாராவது வந்தால் நிற்கக் கூடாது. தலையில் பாரத்தோடு வருகிறவர்களுக்கு ஒதுங்க இடம் இல்லை, அதனால் வரப்பு முடியும் வரை முன்னால் நடந்துகொண்டே இருக்க வேண்டும். இதை ஒரு மூன்று வயதுப் பிள்ளை கடைப்பிடிப்பதை நான் கண்ணால் பார்த்தேன். பாத்திக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மா ஒரு துண்டு முறுக்கைக் காட்டிக் கூப்பிடுகிறாள். பிள்ளை அழுகிறது, கை நீட்டுகிறது, காலை மட்டும் எடுத்து வைக்கவில்லை.

எனக்கு அது பிடிக்கவில்லை. நோட்டில், 'குழந்தைகள் பயந்து அடங்கியிருக்கிறார்களா?' என்று கேள்விக்குறி போட்டு வைத்தேன்.

கோட்டைக்குப் போகலாம் என்றது நான்தான். கடப்பாக்கத்தில் கழிமுகத்தை ஒட்டி ஆலம்பரைக் கோட்டை இருக்கிறது. நவாபு காலத்துக் கோட்டை, பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், இங்கிலீஷ்காரன் இடித்தது. மிச்சத்தில் கொஞ்சத்தைச் சுனாமி இடித்தது. படித்த படிப்பை யாருக்காவது சொல்ல வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. நிறுவனமும் வேனுக்கு ஒத்துக்கொண்டது.

"இடிஞ்ச சொவத்தப் பாக்க வேன் வெச்சினு போவணுமா?" என்றார் திரௌபதி. "எங்கூட்டுப் பின்பக்கம் வா, சும்மாவே பாக்கலாம்."

"புள்ளைங்க வெளிய எங்கயும் போனதே இல்லக்கா."

"உன் ரிப்போர்ட்டுக்கு நல்லாருக்கும்னா போலாம்."

சம்மதம் வாங்க வேண்டியது பெண்களிடம். கொட்டகைப் பிள்ளை சங்கீதாவின் அம்மா சின்னப்பாப்பா தலைக்கூடையை இறக்காமலே பேசினாள். "அலைகிட்ட வுடாத பெரியக்கா. நீ பாத்துக்குவன்னு அனுப்புறேன். டீச்சரு படிச்ச பொண்ணு, அதுக்குப் புத்தகம்தான் தெரியும்."

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

மார்ச் மாதம் இரண்டாவது சனிக்கிழமை, மொத்தம் பதினோரு பிள்ளைகள். ஐந்தரை வயது சங்கீதாதான் பெரியவள். கோட்டக்குப்பத்து ஷஃபி பாயின் வேன். அவர் பத்து வருடம் துபாயில் லாரி ஓட்டியவர். ஏறும்போதே சட்டம் போட்டார். "வாந்தி வர்ற பார்ட்டி எல்லாம் ஜன்னல் சீட்டு. துபாய்ல ஷேக்கு வண்டியில வாந்தி எடுத்தவனையே நான் எறக்கி விட்டவன்."

"எறக்கி விட்டியா, உன்ன எறக்கி விட்டானா?" என்றார் திரௌபதி.

போகும் வழியில் நான் கதை சொன்னேன். அந்தக் காலத்தில் இந்தக் கோட்டையிலிருந்து படகில் உப்பு போகும் என்றேன்.

"எங்கம்மா உப்பா?" என்று சங்கீதா கேட்டாள்.

"இல்ல, ரொம்ப நாளைக்கு முன்னாடி."

"அப்ப எங்க ஆயா உப்பு," என்று அவளே முடிவு செய்துகொண்டாள். நவாபு, பிரெஞ்சுக்காரர் எல்லாரும் அவளுக்குப் பாட்டியோடு நின்றுவிட்டார்கள்.

வேனை விட்டு இறங்கியதும் சின்னது இரண்டுக்கு ஒதுங்க வேண்டியிருந்தது. திரௌபதி அவர்களைப் புதர்ப் பக்கம் கூட்டிப் போனார். "நான் வர்ற வரைக்கும் இங்கயே நில்லுங்க," என்றுதான் சொன்னார். அது என் காதில் விழுந்தது. ஆனால் ஒன்பது பிள்ளைகள் நட்டு வைத்த கம்பி மாதிரி அசையாமல் வரிசையாக நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாளாவது ஓடட்டும் என்று நினைத்தேன்.

"உள்ள போங்க! எங்க வேணும்னாலும் போய் விளையாடுங்க!"

கோட்டையின் வாசல் இருந்த இடத்தில் இப்போது வெறும் இடைவெளி. உள்ளே பெரிய சதுரமான திடல். கழிமுகத்துத் தண்ணீர் ஏறி வற்றியிருக்க வேண்டும். தரை சமமாக, வெள்ளை பூத்து, ஒரு காலடித் தடம்கூட இல்லாமல் கிடந்தது. சுற்றிலும் செங்கல்லும் சுண்ணாம்புமாகச் சுவர். வாசல் பக்கம் சுவர் சரிந்து, படி மாதிரிச் செங்கல் குவியலாகிவிட்டது.

சங்கீதா திடலைப் பார்த்தாள். திரும்பினாள். செங்கல் குவியல் மேல் ஏறிச் சுவர் மேல் நடக்க ஆரம்பித்தாள். மற்ற எட்டும் அவள் பின்னால். ஒருவர் தோளை ஒருவர் தொடாமல், முன்னும் பின்னும் சமமாக இடம் விட்டு, ஒரே வரிசை.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்லாமல் விடக் கூடாது. நிறுவனத்தின் கேமராவை எடுத்து, வானத்துக்கு எதிரே ஒன்பது சின்ன உருவங்கள் கோட்டைச் சுவரில் நடக்கிற மாதிரி இரண்டு படம் எடுத்தேன். மூன்றாவது படத்துக்குக் கண்ணை வைத்தபோதுதான் சுவரின் மறு கோடியைக் கவனித்தேன். அங்கே சுவர் என் தலைக்கு மேல் உயர்ந்து, பாதி தொங்கி நின்றது. அதற்குக் கீழே இடிபாட்டுக் கற்கள், அப்புறம் தண்ணீர்.

"சங்கீதா! நில்லு! இறங்கு!"

அவள் நின்றாள். இறங்கவில்லை. நான் குவியலில் ஏறி அவர்கள் பின்னால் போனேன். போகப் போக, கடைசியில் நின்ற பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு முன்னால் நகர்ந்தது. அது நகர்ந்ததும் அதற்கு முன்னால் நின்றது நகர்ந்தது. நான் வேகமாகப் போனால் அவர்களும் வேகமாகப் போனார்கள். சங்கீதா அந்தத் தொங்கு சுவரை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். நான் இரண்டு கையையும் நீட்டி, "நில்லுங்க, நில்லுங்க," என்று கத்திக்கொண்டே துரத்தினேன். செங்கல் ஒன்று என் காலடியில் பெயர்ந்து உருண்டது.

"டீச்சர்! எறங்கு! பின்னாடி போவாத!"

திரௌபதி வாசலில் நின்றிருந்தார். அந்தக் குரலில் மரியாதை எதுவும் இல்லை. "உன்னப் பாத்துத்தான் முன்னாடி போவுதுங்க! எறங்குடி!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இறங்கினேன். வரிசை நின்றது. சங்கீதாவுக்கும் தொங்கு சுவருக்கும் நடுவே ஆறேழு அடி இருக்கும்.

பிள்ளைகள் நின்ற இடத்தில் உட்புறம் சுவர் ஆள் மார்பளவு சரிந்து, மண்ணும் செங்கல்லுமாகச் சாய்வாக இருந்தது. உட்கார்ந்து சறுக்கினாலே திடலுக்கு வந்துவிடலாம். திரௌபதி திடலின் ஓரத்தில் நின்று கூப்பிட்டார்.

"எல்லாரும் இந்தாண்ட எறங்கி வாங்க."

ஒருவரும் அசையவில்லை.

"சங்கீதா, வா கண்ணு. பெரிம்மா கூப்பிடுறேன்."

"பாத்தி பெரிம்மா," என்றாள் சங்கீதா.

"இது பாத்தி இல்லடி!"

"பாத்திதான். உப்பு இருக்குது பாரு."

கெஞ்சினார். முறுக்கு தருகிறேன் என்றார். ஒரு குச்சியை எடுத்துக் காட்டி, முதுகுத் தோலை உரிப்பேன் என்றார். யார் கூப்பிட்டாலும் இறங்காதே என்று ஐந்து வருடமாகச் சொல்லி வளர்த்தவர் அவர்தான். அந்த 'யார்' என்பதில் அவரையும் சேர்த்தே பிள்ளைகள் புரிந்துவைத்திருந்தார்கள். நடுவில் நின்ற ஒரு சின்னது கால் வலித்துச் சிணுங்க ஆரம்பித்தது.

ஷஃபி பாய் பீடியை எறிந்துவிட்டு ஓடி வந்தார். "யா அல்லா! நவுருங்கம்மா, நான் ஏறி ஒண்ணொண்ணா தூக்கிக் குடுக்கிறேன்."

"ஏறாத பாய். ஏறினா அதுங்க முன்னாடி போவும்."

"அப்ப என்னதான் பண்றது?"

திரௌபதி முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்படியே தரையில் குந்திவிட்டார். கொஞ்ச நேரம்தான். பிறகு எழுந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அந்த வெள்ளைத் திடலுக்குள் காலை வைத்தார். ஒரு கால், பக்கத்தில் ஒரு கால். இடது, வலது, இடது, வலது. தரை பொருக்குத் தட்டி உடைந்தது. பிள்ளைகள் மேலிருந்து வாய் திறந்து பார்த்தார்கள்.

"பெரிம்மா பாத்தியக் கெடுக்குது!" என்று ஒன்று கத்தியது.

"கெடுக்கலடா! இன்னைக்கு மிதி! மேஸ்திரி சொல்லிட்டாரு, கோட்டப் பாத்திக்கு இன்னைக்குத்தான் மிதி! டீச்சர், என்னா வேடிக்க பாக்குற, மிதி!"

நான் மிதித்தேன். தப்பும் தவறுமாக மிதித்தேன்.

"பாய், நீயும் வா!"

"என்னம்மா இது, கபடியா?" என்று கேட்டாலும் ஷஃபி பாய் பேண்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு வந்துவிட்டார். கனமான மனிதர். அவர் குதித்துக் குதித்து மிதிப்பதைப் பார்த்து முதலில் அந்தச் சிணுங்கல் பிள்ளை சிரித்தது. "பாய் மாமா, அப்படி இல்ல! பக்கத்துல பக்கத்துல வெக்கணும்!" என்று சங்கீதா மேலேயிருந்து திருத்தினாள். அவர் வேண்டுமென்றே இன்னும் தப்பாக மிதித்தார். அவளுக்குப் பொறுக்கவில்லை. சொல்லிக் கொடுப்பதற்காக உட்கார்ந்து சறுக்கி இறங்கினாள். பிறகு எட்டும் பொலபொலவென்று வந்தன.

திரௌபதி பிள்ளைகளை எண்ணினார். பதினொன்று. மறுபடி எண்ணினார். பிறகு சங்கீதாவை இழுத்து முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார்.

"நீதானடி பெரியவ? நீ ஏன் ஏறின?"

"நீதான சொன்ன! வரப்புலதான் நடக்கணும்னு நீதான சொன்ன!"

திரௌபதியின் கை அப்படியே நின்றது. சங்கீதா அழவில்லை, கோபமாக நின்றாள். அப்புறம் கட்டி வந்த புளிசாதத்தை வேன் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். கோட்டையைப் பற்றி நான் தயார் செய்து வைத்திருந்த எதையும் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் பிள்ளைகள் தூங்கிவிட்டன. திரௌபதி மெதுவாகக் கேட்டார்.

"இத எழுதுவியா?"

"எழுதணும்லக்கா."

"அடிச்சதயுமா?"

நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.

"அது சரியாத்தான் கேட்டுச்சு," என்றார். "நான்தான சொன்னேன்."

சின்னப்பாப்பாவிடம் அவரே எல்லாவற்றையும் சொன்னார், அடித்தது உட்பட. சின்னப்பாப்பா மகளின் முதுகைத் திருப்பிப் பார்த்தாள். "ஒண்ணு போட்டியே, ரெண்டா போட்டிருக்கலாம்ல," என்றாள். ஆனால் மகளை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. ஐந்தரை வயதுப் பிள்ளையை வீடு வரை தூக்கிக்கொண்டே போனாள்.

மாதக் கடைசியில் அறிக்கை எழுதினேன். 'கோட்டைக்குச் சென்றபோது ஒன்பது பிள்ளைகள் உயரமான சுவரில் ஏறினர். திரௌபதி சமயோசிதமாகச் செயல்பட்டு அனைவரையும் பத்திரமாக இறக்கினார்.' பரிந்துரையில், நியமிக்கலாம் என்று எழுதினேன். அடியை எழுதவில்லை, அது அவருக்காக என்று சொல்லிக்கொண்டேன். இங்கேயே நில்லுங்கள் என்று அவர் சொன்னதையும், உள்ளே போங்கள் என்று நான் அனுப்பியதையும் எழுதவில்லை. அது எனக்காக. தற்காலிக வேலையில் இன்னும் மூன்று மாதம் பாக்கி இருந்தது. ஃபிலிம் கழுவி வந்ததும், படம் நன்றாக இருக்கிறதே என்று, அதையும் சேர்த்து வைத்தேன். அதை ஏன் வைத்தேன் என்று எத்தனையோ முறை என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அழகாக இருந்தது என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்கவில்லை.

அந்தோணிசாமி சார் படத்தை மேசை மேல் வைத்துக்கொண்டு பேசினார்.

"இந்தப் புள்ளைங்கள்ல ஒண்ணு விழுந்திருந்தா நாம மையமே திறந்திருக்க முடியாது. கூட ஒரு பொம்பள இருந்தும் ஒன்பது புள்ள சுவத்துல ஏறியிருக்குதுன்னா என்ன அர்த்தம்? இதப் பாத்துட்டு ஆபீஸ்ல எப்படி ஓகே பண்ணுவாங்க? பத்தாவது முடிச்ச பொண்ணாவே பாத்துக்கலாம்னுட்டாங்க."

"அவங்க அப்ப அங்க இல்ல சார்." அந்த வாக்கியத்தோடு நிறுத்திவிட்டேன். மிச்சத்தைச் சொல்ல இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் போய், நான்தான் அனுப்பினேன், நான்தான் பின்னால் ஏறித் துரத்தினேன், அவர் நிற்கச் சொல்லிவிட்டுத்தான் போனார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சார் படித்தார். கோபப்படவில்லை.

"இத முதல்லயே குடுத்திருக்கணும். ஆள் எடுத்தாச்சு. அனுப்பி வெக்கிறேன், பாக்கலாம்."

மே எட்டாம் தேதி காலை ஒன்பதரைக்கு மையம் திறந்தது. புதுப் பாய், சறுக்குமரம், சுவரெல்லாம் மயிலும் யானையும். வந்த பிள்ளைகள் இரண்டு. இரண்டும் உப்பளத்துப் பிள்ளைகள் இல்லை. பக்கத்துத் தெருவில் கடை வைத்திருந்த வீட்டுப் பிள்ளைகள். மறுநாளும் அதே இரண்டு. ஐந்து மணிக்கு வேலைக்குப் போகிறவளுக்கு ஒன்பதரைக்குத் திறக்கிற மையத்தால் என்ன பயன் என்று எங்களில் யாரும் யோசித்திருக்கவில்லை. நானும்தான், நாலு மாதம் அங்கேயே உட்கார்ந்திருந்தும்.

நான் உப்பளத்துக்குப் போனேன். கொட்டகையைப் பிரித்துவிட்டிருந்தார்கள். ஆனால் அதே இடத்தில் ஒரு நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. பிரித்த மறுநாள் ஏழு பெண்கள் வேலைக்கு வராததால் மேஸ்திரியே கொண்டுவந்து கட்டினாராம். கீழே திரௌபதியும் பதினோரு பிள்ளைகளும்.

"வா டீச்சர். உன் பள்ளிக்கூடத்துல மயிலு யானைல்லாம் இருக்குதாமே. புள்ளைங்கதான் இல்லியாம்."

"அக்கா, அந்த ரிப்போர்ட்ல..."

"தெரியும். நீ அனுப்புனன்னு எழுதல."

"பின்னாடி எழுதிக் குடுத்தேன்."

"அதுவும் தெரியும். சாரு வந்து சொன்னாரு." அவர் உடம்பு முழுவதையும் என் பக்கம் திருப்பினார். "மொதல்லயே எழுதியிருந்தா உன் வேலையும் போயிருக்கும்னு பயந்த. எனக்கும் பயம் தெரியும். ஆனா எழுதியிருக்கணும் நீ."

"ஆமாங்க்கா."

பிள்ளைகளை அனுப்பச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவராகவே கேட்டார்.

"அங்க முட்டை குடுக்கிறீங்களாமே?"

"வாரத்துக்கு மூணு."

மறுநாள் ஒன்பதரைக்குக் கம்பிக் கதவுக்கு வெளியே பதினோரு பிள்ளைகள் வரிசையாக நின்றன. திரௌபதி கதவு வரைக்கும்தான் வந்தார். "எனக்கு உள்ள வேலை இல்ல," என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். நாலு மணிக்கு வந்து கூட்டிப் போனார். அடுத்த நாளும் அப்படியே. இப்படி மே முழுவதும், ஜூனில் பாதியும். பத்தாவது முடித்து ஆயாவாகச் சேர்ந்த பெண் பதினொன்றையும் சமாளிக்க முடியாமல், திண்டிவனத்தில் ஜவுளிக்கடை வேலை கிடைத்ததும் போய்விட்டாள். வருகைப் பதிவேட்டைப் பார்க்க வந்த அந்தோணிசாமி சார், கதவுக்கு வெளியே நின்று ஒவ்வொரு பிள்ளையின் பேரையும் சொல்லி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்த திரௌபதியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாதக் கடைசியில் ஆர்டர் வந்தது.

திரௌபதி அதை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். உதவியாளர் பணி, ஓராண்டு. பணி நேரம் காலை ஒன்பதரை முதல் மாலை நான்கு. கடைசியில், குழந்தைகளை நீர்நிலைகளுக்கோ உயரமான இடங்களுக்கோ அழைத்துச் செல்லக் கூடாது என்று ஒரு நிபந்தனை.

அவர் சிரித்துவிட்டார். "அளத்துல நீர்நிலை இல்லாத எடம் எங்க இருக்குதுன்னு உங்க சார கேட்டுச் சொல்லு. காலையில அஞ்சு மணிக்கு என்னா எழுதியிருக்குது?"

"அது ஒண்ணும் இல்லக்கா."

"ஒண்ணுமே இல்லியா?"

"ஒன்பதரையிலருந்துதான்."

"அப்ப அஞ்சுலருந்து ஒன்பதரை வரைக்கும் புள்ளைங்கள யாரு பாக்குறதாம், மயிலும் யானையுமா?"

நான் தாளை அவரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கி, மேசையில் விரித்து, பேனாவைக் கேட்டு, எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினார். 'தி'க்கும் 'ரௌ'வுக்கும் நடுவே நிறைய இடம் விட்டிருந்தார். "பாதி வேலைக்கு ஆர்டர் வந்துடுச்சு," என்று சொல்லிவிட்டு, முட்டை வெந்துவிட்டதா பார்க்க உள்ளே போனார்.